மாரியின் காதல் நிஜமாகத் தெரிவது ஏன்? நூறு பக்கக் காதல் நாவல்களுக்குக் கரிசல் மண் சொல்லும் பாடம்

பத்தாவது பக்கத்தில் மோதல். முப்பதாவது பக்கத்தில் மழை, இருவருக்கும் ஒரே குடை. ஐம்பதாவது பக்கத்தில் யாரோ செய்த சதியால் ஒரு சந்தேகம். தொண்ணூறாவது பக்கத்தில் ஆஸ்பத்திரி. நூறாவது பக்கத்தில் கல்யாணம். எபிலாக் இருந்தால் இரட்டைக் குழந்தை!

காதல் நாவல் வாசிக்கிறவர்களுக்கு இந்த வரிசை மனப்பாடம். தெரிந்தேதான் வாசிக்கிறார்கள். முடிவு முன்கூட்டியே தெரிவதில் தவறு ஒன்றும் இல்லை. கல்யாண வீட்டுக்குப் போகிறவர்களுக்கும்தான் முடிவு தெரியும். ஆனால், படித்த மறுநாளே நாயகியின் பெயர் மறந்துபோகிறது என்றால் அங்கே ஏதோ குறை இருக்கிறது.

தமிழில் சின்னக் காதல் நாவலுக்கு நீண்ட வரலாறு உண்டு. ராணிமுத்து, மாலைமதி, கண்மணி, பாக்கெட் நாவல் என்று பஸ் ஸ்டாண்டு கடைகளில் கிளிப் போட்டுத் தொங்கிய இதழ்கள் எத்தனையோ குடும்பங்களுக்குப் பயணத் துணை. ரமணிசந்திரன் நாவல் என்றால் வாடகை நூலகங்களில் பெயர் எழுதிவைத்துக் காத்திருந்தவர்கள் உண்டு. இன்று அந்த வாசிப்பு செல்போனுக்கு வந்துவிட்டது. பிரதிலிபி போன்ற தளங்களில் தினம் ஒரு அத்தியாயம் என்று ஓடுகிறது. நீளம் மட்டும் பெரிதாக மாறவில்லை. ஒரு மதியத்தில் முடித்துவிடலாம்.

இவ்வளவு சின்ன இடத்தில் கதாபாத்திரத்துக்கு எங்கே ஆழம் கொடுப்பது என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கான பதில் பட்டாசு மண்ணிலேயே இருக்கிறது. அந்தப் பதில் நூறு பக்கம்கூட இல்லை, சில பக்கங்கள்தான்.

வெயிலில் நடந்து வந்த மாரி

எழுத்தாளர் ச.தமிழ்ச்செல்வன், தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். அவர் எழுதிய ‘வெயிலோடு போய்’ ஒரு சிறுகதை. அதை வைத்து இயக்குநர் சசி எடுத்த படம்தான் 2008-ல் வந்த ‘பூ’. பார்வதிக்கு அதுதான் முதல் தமிழ்ப் படம். தங்கராசுவாக ஸ்ரீகாந்த் நடித்தார்.

கதை எளிமையானது. மாரிக்குச் சின்ன வயதிலிருந்தே தங்கராசு மச்சான் மேல் உயிர். அவனோ வேறு பெண்ணைக் கட்டிக்கொள்கிறான். மாரிக்கும் வேறு இடத்தில் கல்யாணம் ஆகிறது. பிறகு ஒருநாள், மச்சான் ஊருக்கு வந்திருக்கிறான் என்று தெரிந்ததும், உச்சி வெயிலில் அம்மா வீட்டுக்கு ஓடி வருகிறாள். போய்ப் பார்க்கிறாள். திரும்பி வந்து அழுகிறாள்.

எதற்காக அழுகிறாள்? தனக்குக் கிடைக்கவில்லையே என்றா? இல்லை. மச்சான் சந்தோஷமாக இல்லையே என்று அழுகிறாள்.

அந்த அழுகை ஒன்றே போதும், மாரி யார் என்று புரிந்துவிடுகிறது. அவள் எவ்வளவு அழகு, கண் எப்படி, கூந்தல் எவ்வளவு நீளம் என்ற விவரம் எதுவும் தேவைப்படவில்லை. ஒருவர் எதற்காக அழுகிறார் என்று தெரிந்தால் அவர் மனசு தெரிந்துவிடும். மாரி அழுத காரணத்தை நம்புவதால், அவள் அத்தனை வருடம் நேசித்ததையும் வாசகர்கள் நம்புகிறார்கள்.

இன்னொன்றையும் கவனிக்கலாம். மாரியின் புருஷன் கெட்டவன் இல்லை. அவனைக் கொடுமைக்காரனாகக் காட்டியிருந்தால் கதை சுலபமாகியிருக்கும். ‘பாவம், அதனால்தான் பழைய காதலை நினைக்கிறாள்’ என்று வாசகர்களும் சமாதானம் ஆகியிருப்பார்கள். நல்ல புருஷன் இருக்கும்போதே மாரியின் மனசில் ஒரு ஓரம் வேறொருவருக்காகத் தவிக்கிறது. அந்தச் சங்கடத்தை மறைக்காததால்தான் அவள் நிஜ மனுஷியாகத் தெரிகிறாள்.

ஆடு மேய்ந்த பருத்திக்காடு

அதே கரிசல் காட்டிலிருந்து இன்னொரு உதாரணம். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவலில் பிறந்த கி.ராஜநாராயணன் எழுதிய ‘கிடை’. இது குறுநாவல், அதாவது மாத நாவலின் நீளத்துக்குள் அடங்கிவிடும் கதை. 2003-ல் அம்ஷன் குமார் இயக்கத்தில் ‘ஒருத்தி’ என்ற படமாகவும் வந்தது.

ஆடு மேய்க்கும் எல்லப்பனும் செவனியும் காதலிக்கிறார்கள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து மயங்கி இருந்த நேரத்தில் ஆடுகள் ஒரு பருத்திக்காட்டை மேய்ந்துவிடுகின்றன. யாருடைய ஆடு, யார் காவல் என்று ஊர் விசாரணை தொடங்குகிறது. காதல் கதை, பயிர் அழிந்த வழக்காகத்தான் வெளியே வருகிறது!

இதில் என்ன விசேஷம் என்றால், காதலுக்கு ஒரு விலை இருக்கிறது. இரண்டு பேர் உலகத்தை மறந்தால் உலகம் அப்படியே நின்றுவிடுவதில்லை. ஆடு மேயத்தான் செய்யும். பருத்தி போட்டவருக்கு நஷ்டம் வரத்தான் செய்யும். பிறகு சாதி குறுக்கே வருகிறது. எல்லப்பனுக்கு அவன் சாதியில் கல்யாணம் நடக்கிறது. செவனிக்குப் பேய் பிடித்துவிட்டதாகச் சொல்லி ஊர் பேயோட்டுகிறது. அவள் மனசு உடைந்ததற்கு ஊர் வைத்த பெயர் பேய்.

மாத நாவல்களில் நாயகனுக்குப் பெரிய கம்பெனி இருக்கும். ஆனால் அந்தக் கம்பெனியில் என்ன செய்கிறார்கள் என்று கடைசிவரை தெரியாது. நாயகி வேலைக்குப் போவாள். ஆனால் நாயகன் அழைத்தால் எந்த நேரமும் லீவு கிடைக்கும். வேலை, கடன், தம்பியின் ஃபீஸ், அப்பாவின் மருந்துச் செலவு எதுவும் காதலுக்குக் குறுக்கே வராது. அதனால்தான் வில்லியைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. வாழ்க்கையே தடையாக நிற்கும் கதைக்கு வில்லி எதற்கு?

நாரணாபுரத்தில் ஒரு காதல் கதை எழுதினால்...

சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்தை எடுத்துக்கொள்ளலாம். பட்டாசு ஆலைகளும் தீப்பெட்டி வேலையும் சூழ்ந்த ஊர். அங்கே ஒரு நூறு பக்கக் காதல் கதை நடப்பதாக வைத்துக்கொள்வோம்.

அவளுடைய அம்மா சரவெடி பின்னியவர். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் சேர்ந்த பட்டாசுக்கும் தடை விதித்த பிறகு அந்த வீட்டுக் கூலி குறைந்தது. மகள் காலேஜை நிறுத்திவிட்டு ஆலையில் பேக்கிங் வேலைக்கு வந்துவிட்டாள். இரண்டே வரிதான். ஆனால் அவளுக்கு இப்போது ஒரு கடந்த காலம் வந்துவிட்டது. பாதியில் விட்ட படிப்பு என்ற ஏக்கமும் வந்துவிட்டது.

அவன் சிவகாசியில் ஆப்செட் பிரஸ் ஒன்றில் வேலை பார்க்கிறான். பட்டாசுப் பெட்டிக்கான லேபிள் கட்டுகளைக் கொண்டுவந்து கொடுப்பதும் அவன் வேலை. லேபிளை எண்ணி வாங்கி வைப்பது அவள் பொறுப்பு. முதல் சந்திப்பில் மோதலும் வேண்டாம், மழையும் வேண்டாம். ஒரு கணக்கு போதும்.

“அண்ணே, இருநூறு லேபிள் குறையுது.”

“எண்ணித்தாம்மா கட்டுனேன்.”

“நானும் எண்ணித்தான் சொல்றேன்ணே.”

மறுநாள் அவன் இருநூறு லேபிளைக் கொண்டுவந்து கொடுக்கிறான். தப்பு தன்னுடையதுதான் என்று ஃபோர்மேன் காதுபடச் சொல்கிறான். இல்லாவிட்டால் குறைந்த லேபிளுக்கு அவள்தானே பதில் சொல்ல வேண்டும்? இவனை நம்பலாம் என்று அவளுக்கும் வாசகருக்கும் ஒரே நேரத்தில் தோன்றும் இடம் அது. ‘அவன் நேர்மையானவன்’ என்று ஆசிரியர் வந்து சொல்லத் தேவையில்லை.

பிறகு ஒருநாள் அவள் “அண்ணே” என்பதை விட்டுவிடுகிறாள். “இந்தாங்க, கணக்கு சரியா இருக்கு” என்று மட்டும் சொல்கிறாள். பக்கத்தில் இருக்கும் அக்கா நிமிர்ந்து பார்க்கிறார். தமிழ்நாட்டில் வளர்ந்த யாருக்கும் அந்த நிமிர்தலின் அர்த்தம் புரியும். ஒரு சொல் காணாமல்போவதுதான் அங்கே ப்ரபோஸல்.

தடைக்கும் எங்கும் தேட வேண்டாம். அவளுக்கு ஓய்வில்லாத காலம் தீபாவளிக்கு முந்தைய மாதங்கள். தீபாவளி முடிந்ததும் ஆலைகள் சில வாரங்கள் மூடியிருக்கும். அப்போதுதான் அவளுக்கு மூச்சுவிட நேரம். ஆனால், பிரஸ்ஸில் அதுதான் காலண்டர் சீசன். ஆடிப்பெருக்கு அன்று புது வருடக் காலண்டர் ஆல்பம் வெளியிட்டதிலிருந்து ஆர்டர் வந்து குவியும். டிசம்பர் முடியும்வரை அவனுக்கு ராத்திரி பகல் கிடையாது. அவள் சும்மா இருக்கும்போது அவன் மெஷினோடு நிற்கிறான். இந்த இரண்டு பேரும் உட்கார்ந்து பேச ஒரு மணி நேரம் கண்டுபிடிப்பதற்குள் பாதி நாவல் முடிந்துவிடும். அப்படிக் கிடைத்த ஒரு மணி நேரம் எவ்வளவு பெரியது என்று வாசகருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதும் இல்லை.

விபத்து என்பது ட்விஸ்ட் இல்லை

பட்டாசு ஊரில் கதை என்றதும் பலருக்கும் முதலில் தோன்றுவது வெடி விபத்துதான். தேவையில்லாத பாத்திரத்தைக் கழற்றிவிட, பிரிந்தவர்களை ஆஸ்பத்திரியில் சேர்த்துவைக்க, வில்லனைத் திருத்த... ஒரு வெடிச் சத்தம் போதும் என்ற நினைப்பு.

ஆனால், அந்த மண்ணில் வசிக்கிறவர்களுக்கு விபத்து கதையின் வசதிக்காக வருவதில்லை. 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்கு முன்பும் பின்பும் நடந்தவை பல. ஒரு அறையில் 4 பேருக்கு மேல் இருக்கக் கூடாது, கலந்த மணிமருந்தை மறுநாளுக்கு மீதம் வைக்கக் கூடாது என்ற விதிகள் எல்லாம் இப்படி உயிர்களைக் காக்கத்தான். அவை மீறப்படும்போது என்ன ஆகும் என்று அந்த ஊர்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

விபத்தைக் காட்டாமலே காதலைக் காட்டலாம். பட்டாசு ஆலைக்குள் செல்போன் கொண்டுபோக அனுமதி இல்லை. காலையில் வேன் ஏறுவதற்கு முன் அவள் போனை அணைத்து வீட்டில் வைத்துவிட்டுப் போகிறாள். அவன் அனுப்பும் மெசேஜுக்கு நாள் முழுக்க ஒற்றை டிக்தான். சாயந்திரம் ஆறு மணிக்கு மேல்தான் இரண்டு டிக் விழும். அவனுக்கு அது பழகிப்போன விஷயம்.

ஒருநாள் மதியம் பன்னிரண்டு மணிக்கு எங்கேயோ பெரிய சத்தம். பிரஸ்ஸில் இருக்கிறவர்கள் வெளியே வந்து எந்தத் திசையில் புகை என்று பார்க்கிறார்கள். ஆளாளுக்கு ஒரு ஊர்ப் பெயர் சொல்கிறார்கள். அவன் போனை எடுத்துப் பார்க்கிறான். ஒற்றை டிக். அது எப்போதும் ஒற்றை டிக்தான். இன்றைக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும். இருந்தாலும் அவன் கண்ணை எடுக்கவில்லை.

கடைசியில் அது வேறு ஊர், வேறு ஆலை. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. யாரோ ஒருவருக்கு ஆகியிருக்கிறது. ஆறு மணிக்கு இரண்டாவது டிக் விழுகிறது. அவன் எதையும் டைப் செய்யவில்லை. வீட்டுக்குப் போய் அம்மாவிடம், “அந்தப் புள்ள வீட்ல பேசும்மா” என்கிறான்.

ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும் காட்சி இது. அவன் அவளை எவ்வளவு நேசிக்கிறான் என்பதற்கு இதற்குமேல் ஒரு வசனம் வேண்டியதில்லை. அந்தச் சத்தத்தில் வீடு திரும்பாத யாரோ ஒருவருக்கும் கதையில் மரியாதை இருக்கிறது. அவர் இவர்கள் இருவரையும் சேர்த்துவைப்பதற்காகச் சாகவில்லை.

திமிர் மட்டும் மிச்சமானது எப்படி?

காதல் நாவல்களில் அதிகம் விவாதிக்கப்படும் இன்னொரு விஷயம், அடாவடி நாயகன். ஆன்டி ஹீரோ என்று தனிப் பிரிவே இருக்கிறது. கையைப் பிடித்து இழுப்பான், கட்டாயத் தாலி கட்டுவான், அறைவான். கடைசி அத்தியாயத்தில் ‘உன் மேல் இருந்த காதலால்தான்’ என்பான். நாயகி கண்ணீரோடு அணைத்துக்கொள்வாள்.

பணக்கார, கர்வம் பிடித்த நாயகனுக்கு உலக அளவில் ஒரு மூத்த அண்ணன் உண்டு. 1813-ல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் ‘ப்ரைட் அண்ட் ப்ரிஜுடிஸ்’ நாவலின் டார்சி. 1908-ல் லண்டனில் தொடங்கிய மில்ஸ் அண்ட் பூன் நிறுவனத்தின் காதல் நாவல்களிலும் அவனுடைய சாயலைப் பார்க்கலாம். தமிழ் மாத நாவல்களுக்கும் அந்தத் திமிர் வந்துசேர்ந்தது.

ஆனால், ஆஸ்டினின் கதையில் டார்சி திமிரோடு கல்யாணம் பேசும்போது எலிசபெத் முகத்துக்கு நேராக மறுத்துவிடுகிறாள். அவன் மிரட்டவில்லை. தன் பக்கத்தை விளக்கி ஒரு கடிதம் கொடுத்துவிட்டு விலகிப்போகிறான். பிறகு அவனுடைய வீட்டைப் பார்க்கப் போன இடத்தில், அங்கே பல வருடமாக வேலை செய்யும் அம்மா அவனைப் பற்றி நல்லவிதமாகப் பேசுவதைக் கேட்டுத்தான் அவள் மனசு மாறத் தொடங்குகிறது. நாயகனின் திமிரைக் காப்பி அடித்தவர்கள், அந்த மறுப்பையும் விலகலையும் எடுத்துக்கொள்ளாமல் விட்டுவிட்டார்கள்.

இது வெறும் இலக்கியப் பிரச்னை இல்லை. பதினாறு, பதினேழு வயதில் செல்போனில் காதல் கதை படிக்கும் பெண்ணுக்கும் பையனுக்கும் காதல் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று முதலில் சொல்லிக்கொடுப்பது பல நேரம் இந்தக் கதைகள்தான். மறுத்தால் விலகத் தெரிந்தவனைக் காதலனாகக் காட்டும் கதைக்கும், மறுத்தால் மிரட்டுகிறவனைக் காதலனாகக் காட்டும் கதைக்கும் இருக்கும் வித்தியாசம் புத்தகத்தோடு முடிவதில்லை.

ரமணிசந்திரன் நாவல்களில் பணக்கார நாயகனும் உண்டு, தவறான புரிதலும் உண்டு. அப்படியிருந்தும் அவர் கதைகளைப் பல பெண்கள் மறுபடி மறுபடி படித்ததற்கு ஒரு காரணம், நாயகிகளின் தன்மானம். பணம் இல்லாவிட்டாலும் தலைகுனியாத பெண்ணை அவர்கள் தங்களுக்குத் தெரிந்த பெண்ணாக உணர்ந்தார்கள்.

சண்டைக்கும் ஒரு காரணம் வேண்டும்

பிரிவு எப்படி வர வேண்டும் என்பதற்கு ஜெயகாந்தனின் ‘ஒரு நடிகை நாடகம் பார்க்கிறாள்’ நல்ல உதாரணம். அது குறுநாவல் இல்லை, கொஞ்சம் பெரியது. 1978-ல் படமாகவும் வந்தது. நாடக நடிகை கல்யாணியும் பத்திரிகையாளர் ரங்காவும் விரும்பித் திருமணம் செய்கிறார்கள். பிறகு ஒத்துவரவில்லை. விவாகரத்துக்காக வக்கீலிடம் போகிறார்கள். சட்டம் கேட்கிற எந்தக் காரணமும் இருவரிடமும் இல்லை! அடி உதை இல்லை, துரோகம் இல்லை. இரண்டு நல்ல மனிதர்களின் குணம் உரசுகிறது, அவ்வளவுதான்.

திருடப்பட்ட கடிதமும் பாதி கேட்ட போன் பேச்சும் ஒரு நிமிட விளக்கத்தில் தீர்ந்துவிடும். “ஏன் இவங்க உட்கார்ந்து பேச மாட்டேங்கிறாங்க?” என்று வாசகர் எரிச்சலாவது அதனால்தான். குணத்திலிருந்து வரும் சண்டை அப்படித் தீராது. யாராவது ஒருவர் கொஞ்சம் மாற வேண்டும். அந்த மாற்றம்தான் கதை.

அடுத்த நாவலைத் திறக்கும்போது...

வாசிக்கிறவர்களும், எழுதிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களும் நான்கு கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளலாம்.

• காதல் வருவதற்கு முன்பு இவர்கள் இருவரும் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கதையில் தெரிகிறதா?

• அழகையும் பணத்தையும் எடுத்துவிட்டால், இவருக்கு அவரை ஏன் பிடித்தது என்று சொல்ல முடிகிறதா?

• காதலுக்காக இருவரில் யாராவது எதையாவது விட்டுக்கொடுத்தார்களா? அது நிஜமாகவே வலிக்கும் இழப்பா?

• ஒருவர் ‘வேண்டாம்’ என்றபோது இன்னொருவர் என்ன செய்தார்?

நான்குக்கும் பதில் இருந்தால் அந்த நாவல் நூறு பக்கமாக இருந்தாலும் மனசில் தங்கும். மூன்றுக்கு இருந்தால்கூட ஒரு மதியத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம். ஒன்றுக்குமே இல்லை என்றால், மழையும் குடையும் எத்தனை முறை வந்தாலும் பயனில்லை.

மாரி இந்த நான்கிலும் தேறுவாள். அவளுக்கு ஒரு வேலை இருந்தது, ஒரு ஊர் இருந்தது, விட்டுக்கொடுத்த ஒரு மனிதர் இருந்தார். அவர் கிடைக்காதபோதும் அவர் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்கிற மனசு இருந்தது.